கருப்பன் சொன்ன பாடம்

மல்லிப்பூ விலையைப் பத்தி எழுதறதா போன தடவை சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இந்த வாரம் எங்க வீட்டுக் கடுவன் பூனை கதை. அடுக்குமாடி வீட்டுல பூனை வளர்க்கறவங்க கட்டாயம் படிங்க.

எங்க ஓட்டு வீடு அப்பா காலத்துல கட்டினது. போன வருஷம் சித்திரையில அதைப் பிரிச்சுட்டுப் புதுசா கட்ட ஆரம்பிச்சோம். முடியுற வரைக்கும் சங்கரன்கோவில் டவுனுக்குள்ள ஒரு வாடகை வீடு. அம்மா, நான், வீட்டுக்காரி, கூடவே கருப்பன். அஞ்சு வயசு. உளுந்து மூட்டைக்கும் வெங்காயத்துக்கும் அவன்தான் காவல். டவுன்ல வெளியே விட்டா வண்டியில அடிபட்டுருவான்னு கதவைச் சாத்தியே வச்சிருந்தோம். மணல் சட்டியை வைக்க இடம் இல்லாம தண்ணி மோட்டார் பக்கத்துல வச்சோம். பக்கத்து வீட்டு நாய் நாள் முழுக்கக் குரைக்கும். மீனும் சோறும் தின்னுக்கிட்டு இருந்தவனுக்கு, மகன் சென்னையில இருந்து அனுப்பின காய்ஞ்ச தீவனம்.

மூணாவது வாரம் அரிசிச் சாக்கு மேல மூத்திரம் பெய்ஞ்சு வச்சான். அப்புறம் அம்மா படுக்கையில. திமிருன்னு நெனைச்சு விளக்குமாத்தால ரெண்டு போட்டேன். மறுநாள் சட்டியில போய்ப் போய் உக்காருதான், முக்குதான், ஒரு சொட்டுகூட விழலை. அந்த இடத்தையே நக்கிக்கிட்டு இருந்தான். மலச்சிக்கலா இருக்கும்னு நான் விளக்கெண்ணெயைத் தேடினேன். அம்மாதான், "ஏலே, அவன் கத்துத கத்தே சரியில்லை. டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போ"ன்னு விரட்டுனா.

டாக்டர் வயித்தைத் தொட்டுப் பார்த்தாரு. "அண்ணாச்சி, மூத்திரப் பை எலுமிச்சங்காய் மாதிரி இறுகிப் போயிருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா உசுரு போயிருக்கும்"னாரு. கடுவனுக்கு மூத்திரக் குழாய் ரொம்பச் சன்னமாம். உள்ளே புண்ணாகி, சளி மாதிரி ஒண்ணு சேர்ந்து அடைச்சுக்குது. வெளியே போக வேண்டிய நஞ்சு ரத்தத்துல ஏறி, கடைசியில நெஞ்சே நின்னு போகும். மயக்க ஊசி போட்டு, டியூப் விட்டு எடுத்தாரு. மூணு நாள் குளுக்கோஸ் ஏறுச்சு. வலிக்குப் பாராசிட்டமால் கால் பங்கு கொடுக்கலாமான்னு கேட்டேன். பதறிட்டாரு. பூனைக்கு அது விஷம், கொஞ்சம் போனாலும் செத்துரும்.

மூத்திரத்தைச் சோதிச்சதுல கிருமி இல்லை, படத்துல கல்லும் இல்லை. "வீடு மாத்துனீங்களா?"ன்னு கேட்டாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. மூத்திரக் கோளாறோட வர்ற பூனைகள்ல பாதிக்கு மேல இப்படித்தானாம், காரணம்னு ஒண்ணும் அகப்படாது. மனசு கலங்கினா மூத்திரப் பை புண்ணாகுது. பிறகு மகள் நெட்ல தேடிப் படிச்சுச் சொன்னா: அமெரிக்காவுல ஓஹயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல டோனி பஃபிங்டன்னு ஒரு கால்நடை மருத்துவர் ரொம்ப வருஷமா இதை ஆராய்ஞ்சிருக்காரு. 2006-ல இந்த நோவு உள்ள 46 வீட்டுப் பூனைகளுக்கு, இருக்கிற சூழ்நிலையை மாத்திக் கொடுத்துப் பார்த்ததுல தொந்தரவு நல்லாவே குறைஞ்சிருக்கு. சாப்பாட்டு நேரம் தவறுனா, பழகின ஆள் மாறுனா, நல்லா இருக்கிற பூனைக்கே உடம்பு கெடுதுன்னும் அவங்க பின்னாடி கண்டாங்களாம்.

நாங்க செஞ்சது இவ்வளவுதான். மணல் சட்டியைச் சத்தம் இல்லாத மூலைக்கு மாத்தினோம், இன்னொண்ணும் வச்சோம். ஒரு பூனைக்கு ரெண்டு, ரெண்டு பூனைக்கு மூணுன்னு கணக்கு. தினம் அள்ளிச் சுத்தம் பண்ணணும். பூனை வம்சம் பாலைவனத்துல இருந்து வந்தது, தானா அதிகம் தண்ணி குடிக்காது. அதனால காய்ஞ்ச தீவனத்தைக் குறைச்சு, உப்பு, மசால் இல்லாம வேகவச்ச மீனைச் சாறோட கொடுத்தோம். ரெண்டு மூணு இடத்துல அகலமான கிண்ணத்துல தண்ணி. ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி. ஏறி உக்கார ஜன்னல் ஓரம் ஒரு பலகை. சாயங்காலம் அம்மா சேலைக் கிழிசலைக் கயித்துல கட்டி ஆட்டுவா, அவன் எலின்னு நெனைச்சுப் பாய்வான். அடிக்கிறது அறவே கிடையாது. அடிச்சா பயம் கூடும், பயம் கூடினா நோவு கூடும்.

ஆடித் தபசுக்கு வீடு கொள்ளாம சொந்தபந்தம் வரும். கோமதி அம்மன் தபசுக் காட்சிக்கு வந்த பதினாலு பேர் எங்க வீட்டுல. அந்த மூணு நாளும் பின் அறையை அவனுக்குன்னே ஒதுக்கிட்டோம். பெட்டி, சட்டி, தண்ணி எல்லாம் உள்ளே. அம்மா மட்டும் போய் வருவா. ஒண்ணும் ஆகலை.

உங்க கடுவன் சட்டியில உக்காந்து முக்கி, மூத்திரம் வரலைன்னா விடியட்டும்னு இருக்காதீங்க. அந்த நேரமே தூக்கிட்டு ஓடுங்க. எங்க பக்கத்து ஆளுங்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிடுதேன். அந்த வாடகை வீட்டுல அம்மாவும் ராத்திரி நாலு தடவை எந்திரிப்பா, சாப்பாடு பாதியில வச்சிருவா. வயசாச்சுன்னு விட்டுட்டேன். பூனைக்கு அத்தனை கேள்வி கேட்ட டாக்டரைப் பார்த்த பிறகுதான், அறுபது வருஷம் இருந்த வீட்டை இடிக்கும்போது அம்மாட்ட ஒரு வார்த்தை கேக்கலையேன்னு உறைச்சுது. புது வீட்டுல பழைய திண்ணையை அதே அளவுல கட்டியிருக்கேன். இப்ப அதுல அம்மாவும் கருப்பனும்தான்.