தாய்வழிச் சீதனம்

என் அன்னையையும் சிற்றன்னையையும் நாற்பது வயதிற்குள் மார்பகப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. சென்ற ஆண்டு தமக்கைக்கும் அதுவே. இரத்தத்தைச் சோதித்ததில், பி.ஆர்.சி.ஏ.1 என்னும் மரபணுவில் பழுது என்றார்கள். அது பதினேழாம் குரோமோசோமில் உள்ளதென்று 1990-இல் காட்டியவர் மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க அம்மையார்.

"தாங்களும் சோதித்துக்கொள்ள வேண்டும்" என்றார் மருத்துவர். ஆண்பிள்ளைக்கு எதற்கு என்றேன். பழுது ஆண் வழியாகவும் இறங்குமாம்; பெற்றவரிடம் இருப்பின் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சரிபாதி வாய்ப்பு. ஓரிலக்கம் பிழைத்தால் சரக்கு வேறூர் போய்ச் சேரும் என்பது ரெயில்வே குமாஸ்தாவாகிய எனக்குத் தெரியாததன்று.

எனக்கு இரண்டு பெண்கள். முன்னரே அறிந்தால், உரிய வயது வந்தபின் ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ. எடுத்து நோயைத் தொடக்கத்திலேயே பிடிக்கலாம். "வரன் பார்க்கையில் வெளியே தெரிந்தால்?" என்கிறாள் மனைவி. அவள் அச்சமும் பொய்யன்று.

திங்களன்று இரத்தம் கொடுக்கச் செல்கிறேன். விடுப்பு விண்ணப்பத்தில் 'சொந்த வேலை' என்று எழுதியிருக்கிறேன்.