சேதுக்கரையில் நரியும் துப்பாக்கியும்

சென்ற மாசி மாதத்தில் பரமக்குடியிலிருந்து தனுஷ்கோடி வரையில் சுற்றிவர நமக்கு ஒரு வாய்ப்புக் கிட்டியது. இராமேசுவர யாத்திரை போகிறவர்கள் 22 தீர்த்தங்களையும் எண்ணிக்கொண்டு புறப்படுவது வழக்கம். நாமோ ஒரு துப்பாக்கி வழக்கைத் தீர்த்துவைக்கும் பொறுப்புடன் புறப்பட்டோம்.

நம் நண்பர் ஒருவர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். இராமநாதபுரம் ஜில்லாவில் பட்டாளத்து மனிதர் இல்லாத ஊர் அபூர்வம். அவருடைய சகோதரியின் புதல்வன் பத்தாண்டுகள் இங்கிலாந்தில் உத்தியோகம் பார்த்துவிட்டு, சொந்த நிலத்தில் ஆடும் மிளகாயும் வளர்க்கலாமென்று திரும்பி வந்திருக்கிறான். வந்த மூன்றாம் மாதத்திலேயே கிடையில் ஏழு குட்டிகளை நரி கொண்டுபோய்விட்டது. பையன் சீமையில் துப்பாக்கிக் கழகமொன்றில் அங்கத்தினனாக இருந்தவன். குறிப்பலகையில் சுட்டுப் பழகவும் வேண்டும், நரியையும் ஒழிக்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே துப்பாக்கியாக எதை வாங்குவது என்று வர்ணப் படங்கள் நிறைந்த விலைப்பட்டியலை எந்நேரமும் புரட்டிக்கொண்டிருந்தான்.

"வாத்தியாரே, நாலு புத்தகம் படித்தவர் நீர். இவனுக்கு ஒரு வழி சொல்லும்" என்று சுபேதார் நம்மையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

பையனின் மனத்தைக் கவர்ந்திருந்தது தாழ்ப்பாளை நேரே இழுக்கும் ரகத் துப்பாக்கி. சாதாரணத் துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடித்தபின் தாழ்ப்பாளின் பிடியை மேலே தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, மறுபடியும் கீழே மடக்க வேண்டும். நேரிழுப்புத் துப்பாக்கியில் இழுப்பதும் தள்ளுவதுமாக இரண்டே அசைவுகள். கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே அடுத்த குறிக்கு ஆயத்தமாகிவிடலாம். பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பந்தயத்தில் 50 மீட்டர் தூரத்திலுள்ள ஐந்து குறிகளை விரைந்து சுட வேண்டியிருப்பதால், இவ்வகைத் துப்பாக்கியே அங்கு செல்வாக்குப் பெற்றிருக்கிறது. இங்கிலாந்தில் அதற்கு மதிப்பு உயர்ந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1987-ல் ஹங்கர்போர்டு என்னும் ஊரில் ஒருவன் பலரைச் சுட்டுக் கொன்றதை அடுத்து, 1988-ல் தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பெருந்துப்பாக்கிகளைப் பொதுமக்கள் வைத்திருப்பதை அந்நாடு தடுத்துவிட்டது. கையால் இயக்குபவற்றுள் விரைவானது எதுவோ அதைச் சுடுவோர் நாடியது இயல்பே.

இராமநாதபுரத்தில் நாம் முதலில் சென்றது இராமலிங்க விலாசம் அரண்மனைக்கு. சுவரெங்கும் சேதுபதிகளின் போரும் பூசையும் தீட்டப்பட்டுள்ள அம்மண்டபத்தைப் பற்றி எழுதப் புகுந்தால் இக்கட்டுரையில் வேறு எதற்கும் இடமிராது. அங்கு வைத்துள்ள பழைய ஆயுதங்களுள் வளரியைக் கண்டு பையன் நின்றுவிட்டான். பிறைபோல் வளைந்த சிறு ஆயுதந்தான். மறவர் நாட்டு வீரர் அதை வீசி ஓடும் மானையும் மனிதனையும் வீழ்த்தினர். கர்னல் வெல்ஷ் என்னும் ஆங்கிலேயர், தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதன்முதல் கற்றுக்கொடுத்தவர் சின்னமருது என்றே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சின்னமருதுவையும் அவர் தமையனாரையும் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் தென்பாளையங்களின் மக்கள் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று சென்னைக் கவர்னரின் பிரகடனம் வெளிவந்தது. பின்னர் 1878-ன் ஆயுதச் சட்டம் தேச முழுவதையும் நிராயுதபாணியாக்கிற்று. விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் தீர்மானித்ததன் பின்னணியில் இவ்வளவு கதை இருக்கிறது. சுதந்திரம் வந்தபின் 1959-ல் இயற்றிய சட்டமோ உரிமம் கேட்பதை விட்டுவிடவில்லை. அதில் நமக்குக் குறை ஒன்றுமில்லை. அந்நியன் நம்மிடம் பயந்து விதித்த தடை வேறு, அயலானின் உயிரைக் கருதி நாமே இட்டுக்கொண்ட வேலி வேறு.

அரண்மனை வாயிலில் சுபேதார் ஒரு விசித்திரத்தை எடுத்துரைத்தார். வெள்ளையர் காலத்தில் பட்டாளத்தின் 303 தோட்டாவைப் பொதுமக்களின் துப்பாக்கியில் அனுமதிக்கவில்லை. கலகக்காரர் கையில் அது போய்ச்சேருமென்று அச்சம். ஆகவே 315 என்னும் வேறு அளவு வழக்கத்துக்கு வந்தது. ஈஷாப்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, நம் ஊர் மிராசுதாரர் வீடுகளில் தொங்கிய துப்பாக்கிகளும் அவ்வளவினவே. அந்தத் தோட்டா யாருடையது தெரியுமா? ஆஸ்திரியா ஹங்கேரியின் மான்லிக்கர் துப்பாக்கிக்கு ஆனது. அந்த மான்லிக்கரோ நேரிழுப்பு ரகம்!

"அப்படியானால் மாமா, தோட்டா மட்டும் வந்தது, துப்பாக்கி வரவில்லையா?" என்றான் பையன்.

"வந்திருந்தாலும் இந்த மணலுக்கு ஆகாதடா" என்றார் சுபேதார்.

அவர் சொன்னது வெறும் பேச்சன்று. கனடா தேசத்து ராஸ் துப்பாக்கியும் நேரிழுப்புத்தான். பந்தய மைதானத்தில் அது பெரும்புகழ் பெற்றது. முதல் மகாயுத்தத்தில் 1915-ல் ஈப்பர் போர்க்களத்துச் சேற்றில் அதன் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டது; சிப்பாய்கள் அதைக் காலால் உதைத்துத் திறக்க வேண்டியதாயிற்று. 1916-ல் அதை நீக்கி லீ என்பீல்டைக் கொடுத்தனர். ஆயினும் தனியே பதுங்கிக் குறிபார்த்துச் சுடுவோர் அதைக் கைவிட மனமில்லாதிருந்தார்களாம். சுவிட்ஜர்லாந்துக்காரர் 1931-ல் செய்த நேரிழுப்புத் துப்பாக்கி இன்றும் குறிசுடுவோரால் போற்றப்படுகிறது. துப்பாக்கியின் குணம் பாதி அதன் வேலைப்பாட்டிலும் பாதி அது கிடக்கும் இடத்திலும் இருக்கிறது. உப்புக்காற்றில் பூட்டும் சாவியும் ஓராண்டில் துருவேறும் இக்கரையில், எண்ணெய்த் துணியோடு தினம் அரைமணி உட்காருகிறவனுக்குத்தான் நுண்ணிய யந்திரம் பயன்படும்.

அன்றிரவு கிடைக்குப் போனோம். இராமநாதபுரம் வெள்ளை ஆடுகள் முந்நூறுக்கு மேல் தரிசில் மடங்கியிருந்தன. கீதாரிக்கு வயது அறுபதிருக்கும்.

"வாத்தியாரய்யா, நரி சுட்டா சாகும். ஆனா அந்தச் சீமைக்கருவேலங் காட்டுல ஒண்ணு செத்தா இன்னொண்ணு வந்து குடியிருக்குமே" என்றார். குட்டி போன ராத்திரிகளைப் பற்றி விசாரித்ததில், ஏழில் ஐந்து போனது குட்டிகளைக் கொடாப்பில் மூடாமல் விட்ட இரண்டே இரவுகளில் என்று தெரியவந்தது. மற்ற இரண்டும் நரியின் வேலையா தெருநாயின் வேலையா என்பதில் அவருக்கே சந்தேகம். நரி வயலெலியைத் தின்பதால் கடலைக்காரனுக்கு அது பாதி நண்பன் என்றும் சொல்லி வைத்தார். பையன் ஒன்றும் பேசவில்லை. குட்டிகள் ஒவ்வொன்றும் என்ன விலை பெறும் என்பதை அவன் நன்கறிவான்; அவன் கோபத்தை நாம் அற்பமென்று சொல்லமாட்டோம்.

சட்டத்தை நாம்தான் எடுத்துச் சொல்லவேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் குடியானவன் தன் நிலத்தில் நரியைச் சுடலாம். இங்கே 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நரிக்கும் குள்ளநரிக்கும் பாதுகாப்பு உண்டு. அனுமதியின்றிச் சுட்டவன் சிறைக்குப் போகவேண்டியதுதான். காட்டுப்பன்றி விஷயத்தில்கூட, 2025 ஜனவரியில் தமிழ்நாட்டரசு காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடும் அதிகாரத்தை வனத்துறையினருக்கே தந்தது, விவசாயிக்குத் தரவில்லை. மேலும் அயல்நாட்டுத் துப்பாக்கியைத் தனிமனிதர் இறக்குமதி செய்வது 1980-களிலிருந்தே தடைப்பட்டது. பந்தய வீரர்களுக்கு விலக்குண்டு. ஆகையால் வர்ணப் பட்டியலின் பெரும்பகுதி அவனுக்குச் சித்திர புத்தகமே.

மறுநாள் பாம்பன் கடந்தோம். 1914-ன் பழைய ரயில் பாலம் ஓய்ந்துவிட, 2025 ஏப்ரலில் திறந்த புதுப்பாலத்தின் நடுப்பகுதி நேராக மேலெழுந்து கப்பலுக்கு வழிவிடுகிறது. பிறகு தனுஷ்கோடி. இராமபிரான் தம் வில்லின் நுனியால் சேதுவை உடைத்த இடமென்று புராணம் கூறும். 1964 டிசம்பர்ப் புயல் ஊரைக் கொண்டுபோனபின் இடிந்த சுவர்களும் மீனவர் குடிசைகளுமே மிச்சம்.

அங்கே விடியற்காலையில் வனத்துறைக் காவலர் ஒருவர் மணலைக் கையால் தோண்டிக்கொண்டிருந்தார். பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும் பருவம் அது. ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இருக்கும். நாயும் நரியும் மோப்பம் பிடித்து வருமுன் அவற்றைப் பொறுக்கி, கம்பிவலை அடைத்த இடத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். காவலரின் கையில் ஒரு தடியுமில்லை.

பையன் வேலியைச் சுற்றி இருமுறை நடந்தான். வலையை மணலுக்குள் எவ்வளவு ஆழம் இறக்கியிருக்கிறீர்கள், கண் எவ்வளவு அகலம் என்று கேட்டு, விலைப்பட்டியலின் பின்னட்டையிலேயே எழுதிக்கொண்டான். குறி சுடும் ஆசையை அவன் விடவில்லை, விடவும் வேண்டாமென்றோம். 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கியில் வேகம் குறைந்த ரகத்துக்கு உரிமம் தேவையில்லை. 2008-ல் அபினவ் பிந்திரா ஒலிம்பிக் தங்கம் வென்றதும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியிலேதான். கை படிந்தபின் கழகமொன்றில் சேர்ந்து 22 அளவுக்குப் போகலாம்.

"நரிக்கு?" என்றோம்.

"கம்பிவலையும் கொடாப்பும். அதோடு கீதாரியிடம் மண்டை நாய்க்குட்டி இரண்டு சொல்லி வைக்கவேண்டும், மாமா" என்றான்.

சுபேதார் அப்போதே குட்டியின் விலையைக் குறைத்துப் பேச ஆயத்தமாகிவிட்டார்.