கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு

யாழ்ப்பாணத்து வளவை விட்டு, வெள்ளவத்தையில் வாழும் எம் மகளின் அயலுக்கு வந்துவிட நானும் மனைவியும் துணிந்தோம். தன் வீட்டிலேயே தங்கும்படி மகள் வற்புறுத்தினாள். எமக்கோ தனி அடுப்பு வேண்டும். அதேவேளை பேரனும் அருகில் வேண்டும். ஆகவே கொழும்பின் புறநகர்களில் வீடு தேடிப் புறப்பட்டோம்.

முதலிற் கண்டது வத்தளை. முற்றமும் மாமரமும் உள்ள வீடு. மனைவிக்குப் பெரிதும் பிடித்துவிட்டது. ஆயின் மகளிடம் செல்லக் களனி கங்கையைக் கடந்து, நகர் முழுவதையும் ஊடறுத்தல் வேண்டும்.

அடுத்தது இரத்மலானை. விமான நிலையமும், இந்துக் கல்லூரியும் உள்ள ஊர். கரையோரப் புகையிரதத்தில் வெள்ளவத்தை மூன்றாவது நிலையமே. எனினும் நள்ளிரவில் நெஞ்சு நோவு கண்டால் புகையிரதம் வருமா?

இறுதியாகத் தெகிவளை. வெள்ளவத்தைக்கும் இதற்கும் இடையே ஓடுவது ஒரு கால்வாய் மட்டுமே. கண்ட வீடோ மாடியில் இரண்டு அறைகள், கிணறில்லை, முற்றமில்லை, வாடகையும் அதிகம். மனைவியின் முகம் வாடியது.

மாலையில் அங்கிருந்து காலி வீதி வழியே மகள் வீட்டுக்கு நடந்தே சென்றோம். பதினெட்டு நிமிடங்கள். கதவைத் திறந்த பேரன் அவள் சேலையைப் பற்றிக்கொண்டான்.

"மாமரம் ஊரிலும் நிக்குதுதானே. இவன் இஞ்சைதானே" என்றாள்.

மறுநாளே முற்பணம் கொடுத்தோம். முதுமையில் இடம் மாறுவோர் வாடகையைக் கேட்குமுன், பிள்ளை வீட்டுக்கு ஒருமுறை நடந்து பார்ப்பது நன்று.