முள் இறங்கிக்கொண்டே இருந்தது

இரண்டு மாதம் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். தினமும் காலையில் காபிக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன்னால், பாய்லருக்கு அடியில் குனிந்து ஒரு திருகைத் திறந்து மூடுவேன். அவ்வளவுதான்!

நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். இங்கே பாய்லர் என்றால் நம் ஊர் வெந்நீர் பாய்லர் மாதிரி கரி போட்டு ஊதுகிற சமாசாரம் இல்லை. சமையலறைச் சுவரில் அலமாரி போல ஒரு பெட்டி. காஸில் எரியும். குழாயில் வெந்நீரும் தரும், ஒவ்வொரு அறையிலும் இருக்கிற ரேடியேட்டர்களுக்குச் சூடான தண்ணீரை அனுப்பிக் குளிரையும் விரட்டும். ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீர் வெளியே வராது. அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். அதன் பிரஷரைக் காட்ட வட்டமாக ஒரு சின்ன மீட்டர் உண்டு. பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். சூடானால் சற்று ஏறும். ரொம்ப இறங்கிவிட்டால் பாய்லர் எரியாது.

2022 அக்டோபரில் ஒரு காலை முள் அரைக்கும் கீழே கிடந்தது. முன்பொரு தடவை வந்த ரிப்பேர்காரர், "இறங்கினால் இந்த டியூபில் இருக்கிற இரண்டு திருகையும் திறங்க, ஒன்றரை வந்ததும் மூடிடுங்க" என்று சொல்லிக்கொடுத்திருந்தார். திறந்தேன். 'உஸ்' என்று தண்ணீர் ஏறியது. முள் நகர்ந்தது. எனக்கு ஒரே பெருமை! ஆம்பிளைத் துணை இல்லாமல் ஒரு மெஷினைச் சரி பண்ணிவிட்டேனே!

பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்று இருந்தது, வாரம் ஒன்றாகி, நவம்பர் கடைசியில் தினப்படியாகிவிட்டது. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அந்த வருஷம் காஸ் பில்லும் கரண்ட் பில்லும் தாறுமாறாக ஏறியிருந்தன. இவருக்கோ ஓவர்டைம் நின்றுபோயிருந்தது. பெரியவள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். இந்த நேரத்தில் இது வேறயா என்று வாயை மூடிக்கொண்டேன். பாய்லருக்குக் கீழே தரை காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ரேடியேட்டர்களின் அடியில் கையை விட்டுத் தடவுவேன். சொட்டு ஈரம் இல்லை. அப்புறம் என்ன கவலை? போகிற தண்ணீர் எங்கேதான் போகிறது என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை!

டிசம்பர் இரண்டாவது வாரம் கடுங்குளிர். ராத்திரியில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. பேத்தி பிறந்து பதினெட்டு நாள். சாயங்காலம் ஏழு மணிக்கு ரேடியேட்டரைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. முள் பூஜ்யத்தில்! வழக்கம்போல் தண்ணீர் ஏற்றி, பாய்லரைப் போட்டுவிட்டு, அன்றைக்கு மட்டும் பயத்தில் அங்கேயே நின்றேன். இத்தனை நாளும் ஆறின பாய்லரைத்தான் பார்த்திருக்கிறேன், எரியும்போது மீட்டரைப் பார்த்ததே கிடையாது. முள் ஏறுகிறது... 2, இரண்டரை... கால் மணியில் 3! உடனே கொல்லைப் பக்கம் 'சொர்ர்' என்று சத்தம்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்சுவரில் ஒரு சாண் நீளத்துக்குத் தாமிரக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து ஆவி பறக்கத் தண்ணீர் பீச்சுகிறது. பக்கத்துச் செங்கல்லில் எல்லாம் ஐஸ். குழாய்க்குக் கீழே சுவரில் துருப்பிடித்த மாதிரி பழுப்புக் கறை. அந்தக் கறையை நான் அக்டோபரிலேயே பார்த்திருக்கிறேன். துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் கண்ணில் படும். மழைத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்!

பாய்லரை நிறுத்தினேன். இவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டு மாசமாவா? ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று மட்டும் கேட்டுவிட்டு, குழந்தை இருக்கிற அறைப் பக்கம் பார்த்தார். கத்தியிருந்தாலே தேவலை.

அன்று இரவு எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டும். அறைத் தெர்மாமீட்டர் 13-ஐக் காட்டியது. குழந்தை தூங்கும் அறை 16-லிருந்து 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள் இங்கே. காஸ் அடுப்பு நாலையும் எரியவிட்டுச் சமையலறையிலேயே படுத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. "வேண்டவே வேண்டாம், கதவை மூடிண்டு அடுப்பை எரிய விட்டால் விஷவாயு சேரும்" என்று இவர் தடுத்தார். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மாள் ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டர் கொடுத்தாள். அதைத் திரைச்சீலை, படுக்கை எதற்கும் பக்கத்தில் வைக்காமல், எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாமல், சுவர் பிளக்கிலேயே போட்டோம். ஒரே அறையில் எல்லோரும்.

நான் நம் வழக்கப்படி குழந்தைக்குக் கம்பளிக் குல்லா போட்டு, போர்வையால் கழுத்துவரை சுற்றினேன். பெண் வந்து குல்லாவைக் கழற்றிவிட்டாள். "தூங்கும்போது குல்லா கூடாதும்மா. ரொம்ப சூடாகிட்டா குழந்தைக்குத் தலை வழியாத்தான் சூடு இறங்கணும்னு நர்ஸ் சொல்லியிருக்கா." வெந்நீர்ப் பையைத் தொட்டிலில் வைக்கலாம் என்றேன், அதற்கும் தடா. உடம்போடு ஒட்டின மெல்லிய துணி இரண்டு மூன்றாகப் போட்டு, லேசான போர்வையை மார்பு வரைக்கும் இழுத்து, ஓரங்களைச் செருகி, மல்லாக்கப் படுக்க வைத்தாள். கை காலைத் தொட்டால் சில்லென்றுதான் இருக்குமாம். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார்க்க வேண்டுமாம். ராத்திரி முழுக்க நாங்கள் மாற்றி மாற்றிப் பிடரியைத் தொட்டுப் பார்த்தோம். அவள் பாட்டுக்குத் தூங்கினாள்.

மறுநாள் மத்தியானம் ரிப்பேர் பையன் வந்தான். இங்கே காஸ் வேலையைக் காஸ் சேஃப் ரிஜிஸ்டரில் பதிந்தவர்கள்தான் செய்ய வேண்டும். 2009-க்கு முன்னால் கோர்கி என்று பெயர். போட்டோ போட்ட அட்டை வைத்திருப்பார்கள். அதன் பின்பக்கம் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும். இந்தத் தடவை கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு சிவப்புத் தகர டப்பாவைக் காட்டினான். சைக்கிள் டியூபில் இருக்கிற மாதிரியே அதில் ஒரு வால்வு. அதன் ஊசியை அழுத்தினான். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் வந்தது! டப்பாவுக்குள் நடுவே ஒரு ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். தண்ணீர் சூடாகிப் பெருகும்போது சவ்வு காற்றை அமுக்கி இடம் கொடுக்கும். அந்தச் சவ்வு கிழிந்துவிட்டதாம்.

எனக்குச் சட்டென்று புரிந்துபோயிற்று. இட்லி மாவைப் பாத்திரம் நிறைய வழித்து வைத்தால் என்ன ஆகும்? பொங்க இடமில்லாமல் ராத்திரி வழிந்து மேடையெல்லாம் நாறும். காலையில் பார்த்தால் பாத்திரத்தில் மாவு குறைந்திருக்கும். அதேதான் இங்கேயும். பெருக இடமில்லாத தண்ணீர் 3-ஐத் தொட்டதும், குக்கரின் சேஃப்டி வால்வு மாதிரி ஒன்று திறந்து வெளியே தள்ளிவிட்டிருக்கிறது. ஆறினதும் முள் பூஜ்யம். நானும் மறுபடி நிரப்பியிருக்கிறேன். அந்த வெளிக் குழாயின் வாய் ஐஸில் அடைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பையன் தலையை மட்டும் ஆட்டினான்.

இன்னொன்றும் சொன்னான். தினம் தினம் புதுத் தண்ணீர் விட்டால் அதோடு காற்றும் உள்ளே போய் ரேடியேட்டர்களை உள்ளுக்குள்ளேயே துரு தின்னுமாம். ஒரு ரேடியேட்டரைத் திறந்து கிண்ணத்தில் பிடித்தான். மை மாதிரி கறுப்பாக வந்தது. நான் சரி பண்ணுவதாக நினைத்து இரண்டு மாதம் செய்தது அந்த வேலைதான்!

டப்பாவும் சேஃப்டி வால்வும் புதிதாய்ப் போட்டு, துருப்பிடிக்காமல் இருக்க மருந்தும் ஊற்றி, 310 பவுன் வாங்கிக்கொண்டான். அக்டோபரிலேயே கூப்பிட்டிருந்தால் ரேடியேட்டராவது தப்பித்திருக்கும். மாடியறை ரேடியேட்டர் ஒன்று அடுத்த வருஷமே அடியில் ஓட்டை விழுந்து, அதற்குத் தனியாக அழுதோம்.

இப்போது முள்ளை இவர்தான் பார்க்கிறார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆறியிருக்கும்போது ஒரு தடவை, எரியும்போது ஒரு தடவை. காலண்டர் தாளில் குறித்தும் வைக்கிறார். பின்சுவர்க் கறைதான் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. துணி உலர்த்தப் போகும்போது முதலில் அந்தக் குழாயின் நுனியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடிக்குப் போகிறேன்.