சின்னாற்றங்கரைத் துப்பாக்கிகள்

தர்மபுரி ஜில்லாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒகேனக்கலுக்கு வருகிறவர்கள். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, பரிசலில் ஒரு சுற்றுச் சுற்றி, பொரித்த மீனைத் தின்றுவிட்டுச் சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார்கள். அதில் தவறொன்றும் இல்லை. நாமும் குளிக்கத்தான் செய்தோம். ஆனால் நம்மை அந்தப் பக்கம் இழுத்துச் சென்றது அருவி அல்ல, ஒரு துப்பாக்கி.

பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910 - 1974) எழுதிய வேட்டைக் கதைகளைப் படித்த நேயர்களுக்கு அந்தத் துப்பாக்கி பழக்கமானதாகவே இருக்கும். அவருடைய முதல் புஸ்தகம் 1954-ல் வெளிவந்தது. அதில் புலிகள் மாறுகின்றன, சிறுத்தைகள் மாறுகின்றன, காடுகளும் மாறுகின்றன. துப்பாக்கி மட்டும் மாறுவதில்லை. அது ·405 ரக வின்செஸ்டர். 1895-ஆம் வருஷத்து மாதிரி. விசைக்குக் கீழே ஒரு வளையம் தொங்கும். அதைக் கையால் முன்னே தள்ளி மறுபடி இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறித்து, அடியிலுள்ள பெட்டியிலிருந்து அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். வளையத்தை அரைகுறையாக இழுத்தால் அடுத்த தோட்டா ஏறாது. எதிரே புலி நிற்கும்போது அந்த அரைகுறைக்கு என்ன விலை என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. ஆண்டர்சன் அதன் குழாயோடு ஒரு டார்ச் விளக்கையும் பொருத்திக்கொண்டு, இராத்திரி முழுவதும் மரத்தின்மேல் காத்திருப்பார்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போனபோது கொண்டு சென்றதும் இந்த ரகந்தான். சிங்கத்துக்கு இது நல்ல மருந்து என்று அவர் பாராட்டினாராம். குண்டின் எடை 19 கிராமுக்குச் சற்று மேல்; வேகம் விநாடிக்குச் சுமார் 2,200 அடி. ஆனால் இந்தத் துப்பாக்கியை வைத்துக் குறி பழகும் மைதானங்களில் சுட்டுப் பார்க்கிறவர்கள் முதலில் சொல்லுவது குறியைப்பற்றி அல்ல, தங்கள் தோளைப்பற்றி! கட்டையின் வளைவு அப்படி; வெடித்ததும் குழாய் மேலே துள்ளும், கட்டை தோளில் குத்தும். அப்படியும் அதை விட மனம் வராதாம். பிரியம் என்பது அதுதானே?

ஆயுதத்தின்மேல் பிரியம் வைப்பது தர்மபுரிக்குப் புதிதல்ல. இதுவே பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையோடு காட்டினான். வேல்களெல்லாம் நெய் பூசி, மயிற்பீலி சூடி, மாலையணிந்து, காவலுள்ள மாளிகையில் பளபளவென்று இருந்தன. பார்த்த கிழவி, எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். புகழ்வது போல இகழ்ந்த இந்தப் பாட்டைப் புறநானூற்றில் காணலாம். ஆயுதத்தின் அழகைப்பற்றி இதைவிடக் கூர்மையாகப் பேசியவர் வேறு யாரையும் நாம் அறியோம்.

தர்மபுரியிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஔவையின் சொல் மறுபடி நினைவுக்கு வந்தது. ஆநிரை மீட்கப் போய் மாண்டவர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள் அவை. கையில் வில், வாள், குறுவாள். இந்தச் சீமையில் புலியோடு பொருது இறந்தவனுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். அவனிடம் டார்ச் விளக்கு இல்லை. மரத்தின்மேல் பரணும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் புலி நின்றிருக்கிறது.

பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் போனோம். தேசபக்தர் சுப்பிரமணிய சிவா தம் கடைசி நாட்களைக் கழித்த ஊர் பாப்பாரப்பட்டி. சிறையில் பற்றிய குஷ்டநோயோடு ஊர் ஊராக அலைந்தவர், இங்கே பாரதாசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப ஆசைப்பட்டார். 1925 ஜூலை 23-ல் இங்கேயே உயிர் நீத்தார். அவர் நினைவிடத்தில் நின்றபோது இன்னொரு துப்பாக்கி மனத்தில் தோன்றாமல் இருக்குமா? வ.உ.சி.யும் சிவாவும் சிறையிலிருந்த காலத்தில், 1911 ஜூன் 17-ல், மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட கைத்துப்பாக்கி அது. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் வாஞ்சி குறி பழகியதாகச் சொல்லுவார்கள். அந்தக் கைத்துப்பாக்கி பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். ஆண்டர்சனுடைய வின்செஸ்டரை வடிவமைத்தவரும் அதே ஜான் பிரௌனிங்தான். ஒரே மனிதருடைய மூளையில் உதித்த இரண்டு கருவிகள். ஒன்று புலியைத் தேடிச் சின்னாற்றங்கரைக்கு வந்தது, மற்றொன்று மணியாச்சியில் ரயில் வண்டிக்குள் ஏறியது.

பென்னாகரத்துக்கு அப்பால் பாதை காட்டுக்குள் இறங்குகிறது. ஒகேனக்கலில் காவிரியோடு கலக்கும் சின்னாற்றின் பள்ளத்தாக்கு, முத்தூர், முண்டச்சிப்பள்ளம் - இவையெல்லாம் ஆண்டர்சன் கதைகளில் வரும் பெயர்கள். வெயில் காலத்தில் ஆறு வெறும் மணல். மணலில் யானையின் கால் பதிந்த வட்டங்கள். இங்கேதான் அவர் பைரா என்னும் பூசாரியைச் சந்தித்தார். பைராவிடமும் ஒரு துப்பாக்கி இருந்தது. வாய்வழியே மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கி. சட்டத்தின் கண்ணுக்குப் பைரா திருட்டு வேட்டைக்காரர். ஆனால் காட்டின் தடங்களைப் படிப்பதில் அவர் தமக்கு ஆசான் என்பதை ஆண்டர்சன் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே அவருடைய புஸ்தகங்களை நாம் மதிக்கிறோம்.

அந்த நாட்டுத் துப்பாக்கியைப்பற்றி அதை வைத்திருந்தவர்கள் யாரும் புஸ்தகம் எழுதவில்லை. ஆகையால் காட்டோரத்துச் சிற்றூர் ஒன்றில், கேழ்வரகுக் கொல்லையின் வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். முதலில் அவர் நம்மைச் சந்தேகத்தோடு பார்த்தார். சர்க்கார் ஆட்கள் அல்ல என்று தெரிந்ததும் வாய் திறந்தார்.

"எங்கப்பன் வெச்சிருந்தாருங்க. மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வெச்சு இடிச்சு, குண்டைப் போட்டு, மறுபடி இடிக்கணும். அதுக்குள்ளே பன்னி பக்கத்துக் கொல்லையை முடிச்சிட்டுப் போயிடும்!" என்று சிரித்தார்.

"நீங்கள் சுட்டதுண்டா?" என்று கேட்டோம்.

"ஒரே ஒரு தடவைங்க. பதினாறு வயசு. கண்ணு முன்னாலே ஒரே புகை. புகை போன பிறகு பார்த்தால் பன்னியும் இல்லை, நான் நின்ன இடத்திலே நானும் இல்லை. வரப்புக்குக் கீழே கிடந்தேன். அப்பன் துப்பாக்கியைத்தான் முதல்லே தூக்கிப் பார்த்தாரு, என்னை இல்லை."

அந்தத் துப்பாக்கிக்கு லைஸென்ஸ் இருந்ததா என்று நாம் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை. கட்டையிலே விரிசல் விட்டபோது அப்பன் செப்புக் கம்பி சுற்றிக் கட்டியதையும், மழைக்காலத்தில் அதை அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காத்ததையும் மட்டும் விஸ்தாரமாகச் சொன்னார்.

இந்தக் கதையில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது 1878-ல் வந்த ஆயுதச் சட்டம், இந்தியன் லைஸென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்றது. வெள்ளைக்காரருக்கோ விலக்கு அளித்தது. 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை இதைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. சுதந்திரம் வந்து, 1959-ல் நமக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டோம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022-ல் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். இன்று ஆண்டர்சனே திரும்பி வந்தாலும் வின்செஸ்டரைப் பெங்களூரில் வைத்துவிட்டுத்தான் இங்கே கால் வைக்கலாம். யானைகளின் பொருட்டு நமக்கு இதில் சந்தோஷமே.

பன்றிகளின் விஷயம் வேறு. 2025-ல் தமிழக அரசு ஓர் ஏற்பாடு செய்தது. காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம். ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடவேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. பெரியவருடைய கொல்லை எங்கே இருக்கிறது என்று பார்த்தோம். வரப்பு முடியும் இடத்தில் காடு ஆரம்பித்தது.

லைஸென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டால் வழக்கு இல்லை என்று அதிகாரிகள் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அறிவிப்பது உண்டு. அப்படி அறிவித்த சமயம் ஒன்றில் பெரியவரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம்.

"வருத்தமாக இல்லையா?" என்றோம்.

"வயசாச்சு. பையன் தொட்டுக் கேஸ் ஆயிட்டால் என்ன பண்றதுங்க?" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மருந்து இடிக்கிற கம்பி மட்டும் வீட்டிலேயே தங்கிப்போச்சு. கேட்கலை, குடுக்கலை" என்று சொல்லி எழுந்தார்.

வீட்டுக்கு அழைத்துப்போய்க் காட்டினார். மாட்டுக் கொட்டில் கதவுக்குத் தாழ்ப்பாளாக அது செருகியிருந்தது. கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருந்தது. பக்கத்தில் ஒரு பழைய எண்ணெய்த் தகரமும், அதைத் தட்ட ஒரு கட்டையும் கிடந்தன. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, பெரியவர் தகரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் புறப்பட்டார். நாம் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் பாதைக்கு ஏறினோம். பாதி தூரம் வருவதற்குள் தகரத்தின் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது.