பதினேழாவது படம்

எங்கள் வீட்டில் 2004ஆம் ஆண்டுக்கு முந்திய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. மருதமுனையில் கடற்கரையை அண்டி வாழ்ந்த பல குடும்பங்களின் கதையும் இதுதான். டிசம்பர் 26ஆம் திகதி ஊருக்குள் வந்த கடல், அலுமாரியோடு ஆல்பங்களையும் எடுத்துக்கொண்டு போனது. நெகடிவ்களையும் ஆல்பத்தின் பின்னட்டைக்குள்ளேயே செருகி வைத்திருந்தார்களாம். ஆகவே மறுபடி பிரதி எடுக்கவும் வழியில்லாமல் போயிற்று. உம்மாவின் கல்யாணப் படங்கள், மூத்தப்பா தறியில் இருந்த படம், அன்றைய தினம் அலையோடு போன என் சாச்சியின் படங்கள் எல்லாமே அதற்குள்தான் இருந்தன. சாச்சிக்கு அப்போது 15 வயது. நான் பிறந்திருக்கவில்லை.

மிஞ்சியது, அந்தப் படங்களில் பாதியை எடுத்த கெமரா மட்டும். மாமா அப்போது ரியாதில் வேலை செய்துகொண்டிருந்தார். கெமராவும் அவரோடு இருந்தது.

இப்போது அது என்னிடம் இருக்கிறது. பென்டக்ஸ் கே1000. 1976இல் வெளிவந்து 1997 வரை தயாரிக்கப்பட்ட வகை. கையில் எடுத்தால் அம்மிக் குழவி போலப் பாரம். மின்கலம் இல்லாமலும் படம் எடுக்கும். உள்ளே இருக்கும் பொத்தான் அளவு மின்கலம், வெளிச்சம் போதுமா என்று காட்டும் முள்ளை அசைப்பதற்கு மட்டுந்தான். தெளிவு பார்ப்பது, வில்லையின் துவாரத்தைக் கூட்டிக் குறைப்பது, எவ்வளவு நேரம் திறப்பது என்று தீர்மானிப்பது எல்லாம் எடுப்பவரின் வேலை.

எனக்கு இதில் ஆசை வந்தது ஒரு சூரிய கிரகணத்தால். அதுவும் டிசம்பர் 26தான், 2019ஆம் ஆண்டு. யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கம் சூரியன் வளையமாகத் தெரிந்தது. எங்களுக்குப் பகுதிக் கிரகணம். வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாதென்று என்னைத் தறிக் கொட்டிலுக்குள் இருத்தியிருந்தார்கள். தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியே நிலத்தில் எப்போதும் வட்ட வட்டமாக வெயில் விழும். அன்று அத்தனை வட்டமும் பிறையாக மாறின. தறியில் விரித்திருந்த பாவின் மேல், மூத்தம்மாவின் கையின் மேல், எங்கு பார்த்தாலும் பிறை. விடுமுறையில் வந்திருந்த மாமாதான் சொன்னார்: "இந்தக் கொட்டிலே ஒரு கெமராதான் மகள்."

ஓட்டை வழியே விழுவது வெறும் வெளிச்சமல்ல, அது சூரியனின் படம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் இதைத்தான் இருட்டறைக்குள் வைத்து ஆராய்ந்தார். கிரகணத்தின் வடிவம் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். அவருடைய 'கிதாபுல் மனாழிர்' லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியருக்கும் பாடமாயிற்று. இதையெல்லாம் நான் பிறகு வாசித்தேன். அந்தப் பிறைகளைப் பார்க்காமல் வாசித்திருந்தால் பரீட்சையோடு மறந்திருப்பேன்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் மாமா கெமராவை என் கையில் தந்தார். 36 படம் பிடிக்கும் கறுப்பு வெள்ளைப் பிலிம் ரோல் ஒன்றும் தந்தார்.

முதல் ரோல் ஒரு வெட்கக்கேடு. ஒரு மாதம் ஊரெல்லாம் எடுத்தேன். தோணி, தறி, வேலியில் காயும் சாரன், வாப்பாவின் சைக்கிள். 36 முடிந்த பிறகும் பிலிமை நகர்த்தும் நெம்புகோல் தடையில்லாமல் இழுபட்டது. சந்தேகப்பட்டுத் திறந்தால், பிலிமின் நுனி நான் வைத்த இடத்திலேயே இருந்தது! சுற்றும் உருளையில் அது மாட்டவே இல்லை. "பிலிம் ஓடினா இடப் பக்கக் குமிழும் சேர்ந்து சுத்துமே, அதப் பாக்கல்லையா?" என்று மாமா போனில் விழுந்து விழுந்து சிரித்தார். ஒரே ஆறுதல், ரோல் பழுதாகவில்லை. அதையே மறுபடி போட்டேன்.

போனில் நான் எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. எதையும் யாரிடமும் கேட்டு எடுத்ததாக ஞாபகம் இல்லை. இந்தக் கெமராவோடு அப்படி முடியாது. தூக்கினாலே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தெளிவு பார்த்து முடிக்கும் வரை எதிரிலிருப்பவர் பொறுத்திருக்க வேண்டும். ரோல் விலையை நினைத்தால் வீணாக ஒன்றை அமுக்கவும் மனம் வராது. ஆகவே கேட்டேன். மூத்தம்மாவிடம்தான் முதலில்.

"வேணா புள்ள. கடக்காரன் கழுவக்குள்ள என்ட முகத்தப் பாப்பான்தானே. போன்ல எடுத்தா அது கட்டார் மட்டும் போகும்."

மூத்தம்மா சொன்னதில் பிழை இல்லை. யாருக்கோ நம்பி அனுப்பிய ஒரு படம் எங்கெங்கோ சுற்றியதால் பள்ளிக்கு வர வெட்கப்பட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். முகம் அவரவருக்குச் சொந்தமானது. மூத்தம்மாவின் முகம் வெளியில் இருப்பது அடையாள அட்டையில் மட்டுந்தான். அதையும் அவர் கைக்குட்டைக்குள் சுற்றித்தான் வைத்திருப்பார்.

"அப்ப நான் வீட்டிலேயே கழுவினா?" என்று கேட்டேன்.

"உனக்கு ஏலுமெண்டா பாப்பம்."

ஏலாது என்று நினைத்துச் சொன்னதுதான். ஆனால் கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டில் கழுவுவது அவ்வளவு பெரிய வித்தையல்ல. வெளிச்சம் புகாத மூடியுள்ள ஒரு கலம், பிலிமைச் சுற்ற ஒரு சக்கரம், டி-76 என்ற டெவலப்பர் தூள், படத்தை நிலைப்படுத்தும் பிக்சர். மாமா கொழும்பிலிருந்து இவற்றை வாங்கி அனுப்பினார். கையுறை போட வேண்டும், குசினிப் பாத்திரம் எதையும் தொடக்கூடாது, போத்தல்களை மேல்தட்டில் பூட்டி வைக்க வேண்டும் என்று வாப்பா சட்டம் போட்டார். பிலிமைச் சக்கரத்தில் ஏற்றும் வேலையை முழு இருட்டில், விரலை மட்டும் நம்பிச் செய்ய வேண்டும். குளியலறைக் காற்றுத் துவாரத்தைக் கறுப்புச் சீலையால் அடைத்து, இரவில் செய்தேன்.

கஷ்டம் இருட்டில் இல்லை, எங்கள் ஊர்ச் சூட்டில் இருந்தது. என் பிலிமுக்கு டெவலப்பர் 20 பாகை செல்சியஸில் ஏழரை நிமிடம் நிற்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் எந்நேரமும் அதைவிட இளஞ்சூடு. முதல் முறை அதைக் கவனிக்கவில்லை. தோணியும் தறியும் கன்னங்கரேலென்று வந்தன. அடுத்த முறை வாளியில் ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் போத்தலை வைத்துக் குளிராக்கினேன். சரியாக வந்தது.

அதன் பிறகும் மூத்தம்மா ஒரு மாதம் கடத்தினார். நானும் மீண்டும் கேட்கவில்லை. ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு அவரே கூப்பிட்டார்.

"உன்ட சாச்சிட முகம் எனக்கு இப்ப சரியா வருகுதில்ல. நெனச்சா உன்ட முகம்தான் வருது. நாளைக்கு என்ட முகமும் உங்களுக்கு அப்பிடிப் போகப்படா. எடு. ஒண்டுதான்."

தறிக் கொட்டில் வாசலில் இருத்தினேன். முக்காட்டைச் சரி செய்தார். எண்காட்டி 17இல் நின்றது. துவாரம் 2.8, வேகம் 60இல் ஒரு விநாடி. கை நடுங்கியதால் தூணில் சாய்ந்துகொண்டேன். மூத்தம்மா கெமராவைப் பார்க்கவில்லை, அதற்குப் பின்னால் என்னைப் பார்த்தார். பிஸ்மில்லாஹ் சொல்லி அமுக்கினேன். சரியாக வந்ததா என்று பார்க்க வழியில்லை. மீதி 19 பிரேமையும் மூன்றே நாளில் கடற்கரைக் காகங்களுக்குச் செலவழித்தேன்.

கழுவிய இரவு வீட்டில் ஒருவரும் தூங்கவில்லை. ஈரப் பிலிமைக் குளியலறைக் கொடியில் உடுப்புக் கிளிப்பால் தொங்கவிட்டு, டோர்ச் அடித்து ஒவ்வொன்றாக எண்ணினேன். பதினாறாவது அசைந்து போயிருந்தது. பதினேழு இருந்தது. நெகடிவ் என்பதால் வெள்ளை முக்காடு கறுப்பாகவும் முகம் தலைகீழ் நிறத்திலும். மூத்தம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், இது என்ன ஜின் மாதிரி!" என்றார்.

படத்தைப் பெரிதாக்கும் கருவி என்னிடம் இல்லை. சிவப்பு மின்குமிழ் வெளிச்சத்தில், புகைப்படத் தாளின் மேல் நெகடிவை வைத்து, கண்ணாடியால் அமுக்கி, ஒரு விநாடி வெள்ளை விளக்கைப் போட்டு எடுத்தேன். ஆகவே படமும் நெகடிவ் அளவுதான்: 24க்கு 36 மில்லிமீற்றர். அடையாள அட்டைப் படத்தைவிடச் சின்னது. மூத்தம்மா கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"எங்கட உம்மாட சாயல்," என்றார். அவருடைய உம்மாவை யாரும் ஒருபோதும் படம் எடுத்ததில்லை.

இந்தக் கட்டுரையோடு போட ஒரு படம் தருமாறு மலர்க்குழுத் தோழியர் கேட்டார்கள். தறியின் படத்தைக் கொடுத்திருக்கிறேன். பதினேழாவதைப் பார்க்க விரும்பும் தோழியரும் அவர்களின் உம்மாமாரும் வீட்டுக்கு வரலாம். மூத்தம்மா தேத்தண்ணி ஊற்றித் தருவார். போனைப் பைக்குள் வைத்துவிட்டு வாருங்கள்.