ஆளறிந்து வீசும் காற்று

எங்கள் வீட்டுக் கூடத்தில் முதன்முதலாக மின்விசிறி சுழன்ற கோடையில், மற்றவர்களெல்லாம் அதன் அடியில் பாய் விரித்துப் படுத்து, அண்ணாந்து பார்த்து ஆனந்தித்திருக்க, பாட்டி மாத்திரம் தன் பனையோலை விசிறியைக் கீழே வைக்காமல், அதைச் செம்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து என் முதுகுக்கு வீசிக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் யந்திரம் சுழலும்போது இந்தப் பிரயாசை எதற்கென்று கேட்டேன். "காத்து மட்டும் போதாதுடா கண்ணு, கொஞ்சம் ஈரமும் வேணும்" என்றாள்.

அந்த வார்த்தையில் அடங்கியிருந்த சாஸ்திரம் எனக்குப் பள்ளிக்கூட நாட்களில்தான் விளங்கிற்று. வெப்பமானி ஒன்றை மின்விசிறியின் கீழே தொங்கவிட்டு வெகுநேரம் காத்திருந்தும் பாதரசம் இறங்கவில்லை. குமிழைச் சுற்றி ஈரத்துணியைக் கட்டிய பிறகே இறங்கலாயிற்று. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் சரீரத்தை ஒட்டி நிற்கும் ஈரமேறிய காற்றை விலக்கிப் புதுக்காற்றை அங்கே கொண்டுவருகிறது. வியர்வை ஆவியாகும்போது அதற்கு வேண்டிய உஷ்ணத்தைத் தோலிலிருந்தே எடுத்துக்கொள்வதால் நாம் குளிர்கிறோம். கடலோர ஊர்களில், காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும் புழுக்க நாட்களில், விசிறியை முழு வேகத்தில் வைத்தாலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டே இருப்பதன் காரணமும் இதுவே.

அந்த யந்திரத்தின் உள்ளமைப்பும் சிந்திக்கத்தக்கது. செப்புக்கம்பிச் சுருள்கள் நடுவில் அசையாமல் நிற்க, அவற்றைச் சூழ்ந்த கூடுதான் இறக்கைகளோடு சுழல்கிறது. வீட்டுக்கு வரும் ஒற்றை மின்னோட்டத்தால் அது தானாகச் சுழலத் தொடங்காது; இரண்டாவது சுருளுக்குப் போகும் மின்னோட்டத்தின் காலத்தைச் சற்றே மாற்றி, காந்தப்புலத்தைச் சுழல வைப்பது ஒரு சிறு கண்டன்சர். சுவிட்சைப் போட்டும் விசிறி முனகிக்கொண்டு நிற்க, ஒருவர் குச்சியால் தள்ளிவிட்டதும் அது மெல்லச் சுழல ஆரம்பித்தால், "கண்டன்சர் போயிருக்கும்" என்று பழுது பார்ப்பவர் பார்க்காமலேயே சொல்லிவிடுவார்.

பழைய 1200 மில்லிமீட்டர் விசிறி ஏறக்குறைய 75 வாட் மின்சாரம் கொள்ளும். எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். இப்போது வரும் புதுவகை மோட்டார் விசிறிகளுக்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை. ஆயினும் எந்த விசிறியும் மனிதரைக் குளிர்விக்குமேயன்றி அறையைக் குளிர்விக்காது. ஆளில்லாத அறையில் அது சுழலும்போது மோட்டாரின் சூடு காற்றில் சேர்வதைத் தவிர வேறொரு பலனும் இல்லை.

கூடத்தை விட்டுக் கடைசியாக எழுந்து போகும்போது பாட்டி ஒரு நாளும் சுவிட்சை அணைக்க மறந்ததில்லை. பாட்டி வெப்பமானியைப் பார்த்தவளல்லள். ஆனால் இரவெல்லாம் கை கடுக்க விசிறியவள். வெறும் பாய்க்கு விசிறும் கை உலகில் எங்கும் இல்லை. தான் யாருக்காக அசைகிறோம் என்பதைக் கை அறியும், யந்திரம் அறியாது. அதற்காக அதை அறிந்திருக்க வேண்டியவர்கள் நாம்தாம்.